மருந்து முந்தியது, விளக்கம் பிந்தியது: டைப் 1 நீரிழிவின் வரலாறு

டைப் 1 நீரிழிவின் வரலாறு என்றதும் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருவது டொராண்டோ, 1922, இன்சுலின். சாகக் கிடந்த சிறுவனுக்கு ஊசி போட்டார்கள், பிழைத்துக்கொண்டான், நோபல் பரிசு கிடைத்தது. கதை அத்துடன் முடிந்துவிடுகிறது. இவை எல்லாம் நடந்தவைதான். ஆனால் அந்த ஊசியைப் போட்டவர்களுக்கு, தாங்கள் எந்த நோய்க்கு மருந்து கொடுக்கிறோம் என்பது முழுமையாகத் தெரியாது. இன்சுலின் சுரக்கும் செல்கள் ஏன் அழிகின்றன, எது அழிக்கிறது, அழிவு எப்போது தொடங்குகிறது என்ற கேள்விகளுக்கு விடை வர இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. மருந்து கைக்கு வந்துவிட்டதே அந்தக் கேள்விகளைத் தள்ளிப்போட்டது என்பது என் எண்ணம். இன்றைய சிகிச்சையின் பலத்தையும் குறையையும் விளங்கிக்கொள்ள, இந்த முன்பின் வரிசையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் இன்று நமக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். கணையம் செரிமான நொதிகளைச் சுரக்கும் உறுப்பு. அதற்குள் ஆங்காங்கே சின்னஞ்சிறு செல் திட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. மொத்தக் கணையத்தில் அவை 1 முதல் 2 சதவீதம்தான். உடலுக்கு வேண்டிய இன்சுலினைச் சுரப்பவை அந்தத் திட்டுகளில் இருக்கும் பீட்டா செல்கள். கிருமிகளைத் தேடிக் கொல்ல வேண்டிய நோய் எதிர்ப்பு செல்கள், டைப் 1 நீரிழிவில் இந்தப் பீட்டா செல்களையே பகையாகக் கொண்டு தாக்குகின்றன. இன்சுலின் வற்றியதும் தசையும் கொழுப்புத் திசுவும் ரத்தத்தில் உள்ள குளுக்கோஸை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. கல்லீரலோ தடுப்பாரின்றி மேலும் மேலும் குளுக்கோஸை ரத்தத்தில் கொட்டுகிறது. சிறுநீரகத்தால் தாங்க முடியாமல் சர்க்கரை சிறுநீரில் இறங்க, கூடவே தண்ணீரும் போகிறது. ஓயாத தாகமும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் இதனால்தான். இருக்கும் சர்க்கரை பயன்படாததால் உடல் தன் கொழுப்பைக் கரைக்கிறது. அப்போது உண்டாகும் கீட்டோன்கள் ரத்தத்தை அமிலமாக்குகின்றன. வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த மூச்சு, மயக்கம், மரணம். வளர்ந்தவர்களிடம் பரவலாகக் காணப்படும் டைப் 2 வேறு. அங்கே இன்சுலின் இருக்கிறது, உடல் அதற்குச் சரிவரப் பணிவதில்லை. நாளடைவில் சுரப்பும் குறைகிறது.

இரண்டும் வெவ்வேறு என்ற சந்தேகம் மிகப் பழையது. சுஸ்ருத சம்ஹிதை, இனிப்புச் சிறுநீர் நோயைப் பிறவியிலேயே அமைவது என்றும் தவறான உணவு பழக்கங்களால் வருவது என்றும் இரண்டாகப் பிரிக்கிறது; முதல் வகையினர் மெலிந்தவர்கள், இரண்டாம் வகையினர் பருத்தவர்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள கப்படோசியாவைச் சேர்ந்த மருத்துவர் அரெட்டேயஸ், சதையும் உறுப்புகளும் கரைந்து சிறுநீராகப் போகும் நோய் என்று இதை எழுதினார். நோயாளி நெடுநாள் வாழமாட்டார் என்பதையும் அவர் குறித்திருக்கிறார். படுக்கையருகில் உட்கார்ந்து பார்த்தவர் மட்டுமே அப்படி எழுத முடியும். ஆனால் எந்த உறுப்பு பழுதாகிறது என்பது யாருக்கும் தெரியவில்லை. சிறுநீரில் கோளாறு தென்பட்டதால் பழி பல நூற்றாண்டுகள் சிறுநீரகத்தின் மேல் கிடந்தது.

1776இல் லிவர்பூலைச் சேர்ந்த மேத்யூ டாப்சன் அந்தப் பழியைத் தளர்த்தினார். நோயாளியின் சிறுநீரைக் கொதிக்கவைத்து வற்றச்செய்தபோது மிஞ்சிய வெள்ளைப் பொருள் சர்க்கரைபோல் இருந்தது. ரத்தத்திலிருந்து பிரித்த நீரும் இனித்தது. அப்படியானால் சர்க்கரை சிறுநீரகத்தில் உண்டாகவில்லை, ரத்தத்திலேயே இருக்கிறது. இதற்கு மேல் ஒரு நூற்றாண்டுக்குப் பெரிய முன்னேற்றம் இல்லை.

அடுத்த இரண்டு படிகள் ஜெர்மானிய ஆய்வுக்கூடங்களில் நிகழ்ந்தன. 1869இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ், நுண்ணோக்கியில் கணையத்தைப் பார்த்து, சுற்றியுள்ள திசுவிலிருந்து மாறுபட்ட செல் திட்டுகளை விவரித்தார். அவை எதற்காக என்று தமக்குத் தெரியவில்லை என்பதை ஆய்வேட்டிலேயே நேர்மையாக எழுதிவைத்தார். இன்று உலகம் முழுவதும் அந்தத் திட்டுகள் அவர் பெயரால் அழைக்கப்படுகின்றன. 1889இல் ஸ்ட்ராஸ்பர்கில் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கியும் ஜோசப் வான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை முழுவதும் அகற்றினார்கள். நாய் ஓயாமல் சிறுநீர் கழித்தது. சோதித்தால் சர்க்கரை நிறைந்திருந்தது. நீரிழிவின் இருப்பிடம் கணையம் என்பது அன்று உறுதியாயிற்று. 1900-1901இல் அமெரிக்கரான யூஜின் ஓப்பி, நீரிழிவில் இறந்தவர்களின் கணையத் திட்டுகள் சிதைந்திருப்பதைக் காட்டினார். திட்டுகளில் ஏதோ ஒரு சுரப்பு இருக்கிறது, அது இல்லாவிட்டால் நீரிழிவு வருகிறது என்ற கருத்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஏற்புடையதாகிவிட்டது. அதைப் பிரித்தெடுக்கத்தான் முடியவில்லை. கணையத்தை அரைத்தால் அதிலுள்ள செரிமான நொதிகள் அந்தச் சுரப்பையும் சிதைத்துவிடும். வந்த சாறோ நோயாளிக்குக் காய்ச்சலும் வலிப்பும் உண்டாக்கும்.

பட்டினியே மருந்தாக இருந்த ஆண்டுகள்

அந்த இடைக்காலத்தில் நடந்ததைப் பலரும் ஒரு வரியில் தாண்டிப்போகிறார்கள். அப்படித் தாண்டக் கூடாது என்று நினைக்கிறேன். நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிலையத்தில் பணியாற்றிய ஃபிரெடெரிக் ஆலன், உணவைக் குறைத்தால் சர்க்கரையும் கீட்டோனும் குறைவதைக் கண்டார். பாஸ்டனில் எலியட் ஜோஸ்லினும் அந்த முறையை ஏற்றுக்கொண்டார். சிறுநீரில் சர்க்கரை மறையும்வரை பட்டினி; பிறகு கிராம் கணக்கில் உணவு; மீண்டும் சர்க்கரை தென்பட்டால் மீண்டும் பட்டினி. வளர வேண்டிய பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்குச் சில நூறு கலோரிகள். காய்கறிகளில் மிஞ்சியிருக்கும் மாவுச்சத்தும் போகவேண்டும் என்பதற்காக மூன்று முறை தண்ணீர் மாற்றி வேகவைத்துக் கொடுப்பார்கள்.

ஆலனின் மருத்துவமனைப் பதிவுகளில் 12 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. நீரிழிவில் பார்வை போயிருந்தது. சர்க்கரை எப்படியோ குறையாமல் இருக்க, காரணம் பிறகுதான் தெரிந்தது: பசி பொறுக்காமல் பற்பசையையும், கூண்டுப் பறவைக்கு வைத்திருந்த தானியத்தையும் அவன் எடுத்துத் தின்றிருக்கிறான். ஆலனைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் முன்னால் இருந்த தேர்வுகள் இரண்டே: சில வாரங்களில் கீட்டோன் மயக்கத்தில் சாவு, அல்லது எலும்பும் தோலுமாக ஓரிரு ஆண்டு வாழ்வு. அந்த ஓரிரு ஆண்டு சிலருக்கு உயிரையே தந்தது. அமெரிக்க வெளியுறவுச் செயலர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத்துக்கு 1919இல், 11 வயதில் நோய் வந்தது. ஆலனின் பட்டினிச் சிகிச்சையில் மூன்றாண்டு தாக்குப்பிடித்து, 1922 ஆகஸ்டில் ஏறக்குறைய 20 கிலோ எடையுடன் டொராண்டோ வந்து சேர்ந்தார். இன்சுலின் கிடைத்தது. படித்தார், மணந்தார், பிள்ளைகள் பெற்றார். 1981இல், 73ஆம் வயதில் இறந்தார்.

தவறான கணிப்பு, சரியான சாறு

ஃபிரெடெரிக் பாண்டிங் நீரிழிவு நிபுணர் அல்லர். கனடாவின் லண்டன் நகரில் சரியாக வருமானம் வராத இளம் அறுவை மருத்துவர். 1920 அக்டோபர் இறுதியில் ஒரு மருத்துவக் கட்டுரையைப் படித்தபோது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. கணைய நாளத்தைக் கட்டிவிட்டால் நொதி சுரக்கும் பகுதி சில வாரங்களில் சுருங்கிப்போகும், திட்டுகள் மட்டும் மிஞ்சும், அதிலிருந்து நொதிக் கலப்பில்லாத சாற்றை எடுக்கலாம். டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே. ஜே. ஆர். மக்லியோட் ஆய்வுக்கூடத்தில் இடமும், நாய்களும், சார்லஸ் பெஸ்ட் என்ற மாணவரையும் கொடுத்தார். 1921 மே மாதம் வேலை தொடங்கியது. நாய்கள் பல இறந்தன. ஆனால் சாறு வேலை செய்தது, சர்க்கரை இறங்கியது.

நாளத்தைக் கட்ட வேண்டிய அவசியமே இல்லை என்பது சில மாதங்களில் தெரியவந்தது. இறைச்சிக்கூடத்திலிருந்து வரும் மாட்டுக் கணையத்தை முழுசாக எடுத்து ஆல்கஹாலில் கரைத்தாலே போதும். பாண்டிங் நம்பித் தொடங்கிய யோசனை தேவையற்றதாகிப்போனது. ஆனால் அதுதான் அவரை அந்த மேசைக்குக் கொண்டுவந்தது. 1921 டிசம்பரில் உயிர்வேதியியலர் ஜேம்ஸ் காலிப் குழுவில் சேர்ந்தார்.

1922 ஜனவரி 11 அன்று டொராண்டோ பொது மருத்துவமனையில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி. எடை 29 கிலோ. பாண்டிங்கும் பெஸ்டும் தயாரித்த பழுப்பு நிறச் சாறு அது. சர்க்கரை ஓரளவே இறங்கியது, ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்தது, நிறுத்திவிட்டார்கள். அடுத்த 12 நாட்களில் காலிப் செய்த வேலைதான் இந்தக் கதையின் திருப்பம். ஆல்கஹாலின் செறிவைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போனார். ஒரு கட்டம் வரை தேவையற்ற புரதங்கள் படிந்து விலகின. 90 சதவீதத்தை ஒட்டிய செறிவில் இன்சுலினே படிந்தது. ஜனவரி 23 அன்று அந்தச் சாற்றைப் போட்டார்கள். தாம்ப்சனின் ரத்தச் சர்க்கரை ஒரே நாளில் 100 மில்லிலிட்டருக்கு 520 மில்லிகிராமிலிருந்து 120க்கு வந்தது. கீட்டோன்கள் மறைந்தன. அவர் 1935 வரை வாழ்ந்தார்.

1923ஆம் ஆண்டு நோபல் பரிசு பாண்டிங்குக்கும் மக்லியோடுக்கும் போயிற்று. பாண்டிங் தம் பங்கைப் பெஸ்டுடனும், மக்லியோட் தம் பங்கைக் காலிப்புடனும் பகிர்ந்துகொண்டனர். அதற்கு முன்பே பெர்லினில் ஜார்ஜ் சூல்சர் 1908இல் கணையச் சாற்றை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நச்சு விளைவுகளால் கைவிட நேர்ந்தது. ருமேனியாவில் நிக்கோலே பவுலெஸ்கு 1921இல் நாய்களில் சர்க்கரை குறைவதை வெளியிட்டிருந்தார். அவருக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. காப்புரிமையைப் பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் ஆளுக்கு 1 டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள்.

பிழைத்தவர்களுக்கு வந்த இரண்டாம் நோய்

இன்சுலின் நோயைக் குணமாக்கவில்லை, மரணத்தைத் தள்ளிப்போட்டது. தள்ளிப்போன அந்த ஆண்டுகளில், அதுவரை யாரும் பெரிதாகப் பார்த்திராத ஒன்று தலைகாட்டியது. 1920களில் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் 1930, 40களில் இளைஞர்களானபோது கண் பார்வை மங்கியது, சிறுநீரகம் செயலிழந்தது, கால் மரத்துப்போனது. 1936இல் பால் கிம்மெல்ஸ்டீலும் கிளிஃபர்ட் வில்சனும் நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரகங்களில் தனித்த முடிச்சுகளை விவரித்தனர். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் இவற்றைத் தடுக்கலாம் என்று ஜோஸ்லின் வாழ்நாள் முழுவதும் சொன்னார். நியூயார்க்கின் எட்வர்ட் டால்ஸ்டாய் போன்றவர்கள் அதற்கு ஆதாரமில்லை, நோயாளியை விருப்பப்படி சாப்பிட விடலாம், கீட்டோன் வராமல் இருந்தால் போதும் என்றார்கள். இந்தச் சண்டை அறுபது ஆண்டு நீடித்ததற்குக் காரணம் பிடிவாதம் அல்ல, அளவிடும் கருவி இல்லாததுதான்.

வீட்டில் நோயாளி செய்யக்கூடிய சோதனை சிறுநீர்ச் சோதனை ஒன்றே. நீல நிறப் பெனடிக்ட் கரைசலில் சில துளி சிறுநீரைவிட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். சர்க்கரை அளவுக்கேற்பப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று நிறம் மாறும். ரத்தத்தில் சர்க்கரை 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். அதுவும் சில மணிநேரத்துக்கு முந்தைய நிலையைத்தான் காட்டும். ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துபோகும் தாழ்சர்க்கரையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிநீரில் போட்டெடுத்து, மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டி, நிறத்தைப் பார்த்து மருந்தளவை ஊகித்தவர்கள் அந்தத் தலைமுறையினர். இன்சுலின் அளவு கூடினால் சர்க்கரை சரிந்து மயக்கமும் வலிப்பும் வரும்; குறைந்தால் கண்ணும் சிறுநீரகமும் மெல்ல மெல்லக் கெடும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒற்றையடிப் பாதையில் அவர்கள் இருட்டில் நடந்தார்கள்.

விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரையைப் படிக்கும் முதல் மீட்டர் 1970ஐ ஒட்டி வந்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடை. மருத்துவர்களுக்கு மட்டுமே விற்பனை. அமெரிக்கப் பொறியாளர் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன், தாம் டைப் 1 நோயாளி என்பதால், மருத்துவரான மனைவியின் பெயரில் ஒன்றை வாங்கி வீட்டில் தாமே சோதித்துக்கொண்டார். தம் அனுபவத்தை மருத்துவ உலகம் காதில் போட்டுக்கொள்ளாததால் நாற்பதுகளின் வயதில் மருத்துவம் படித்து மருத்துவரானார். வீட்டில் நோயாளியே ரத்தம் சோதிக்கலாம் என்பது ஒரு காலத்தில் போராடிப் பெற வேண்டிய உரிமையாக இருந்தது. ஹெச்பிஏ1சி சோதனைக்கு அடிப்படை 1968இல் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பரின் கண்டுபிடிப்பு. சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் குளுக்கோஸ் ஒட்டிக்கொள்ளும் அளவை வைத்து, கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லிவிடலாம்.

இந்த இரண்டு அளவுகோல்களும் கிடைத்த பிறகுதான் அந்தச் சண்டையைத் தீர்க்க முடிந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983இல் தொடங்கிய டிசிசிடி (நீரிழிவுக் கட்டுப்பாடும் சிக்கல்களும்) ஆய்வில் 1,441 பேர் பங்கேற்றனர். ஒரு பாதியினருக்கு அன்றைய வழக்கமான சிகிச்சை. மறு பாதியினருக்கு நாள்தோறும் பல ஊசிகள் அல்லது இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தும் பம்ப், அடிக்கடி சோதனை. 1993இல் முடிவு வந்தது. கடுமையாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் கண் பாதிப்பு 76 சதவீதம் குறைந்திருந்தது. சிறுநீரக, நரம்பு பாதிப்புகளும் பாதி அளவிலோ அதற்கு மேலோ குறைந்திருந்தன. அதற்குக் கொடுத்த விலை, கடுமையான தாழ்சர்க்கரை நிகழ்வுகள் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஜோஸ்லின் இறந்து முப்பது ஆண்டுக்குப் பிறகு அவர் சொன்னது நிரூபணமாயிற்று.

எது அழிக்கிறது?

இனி, தள்ளிப்போன கேள்விக்கு வருவோம். 1936இல் ஹரால்ட் ஹிம்ஸ்வொர்த் என்ற லண்டன் மருத்துவர், நீரிழிவு நோயாளிகளில் இன்சுலினுக்கு உடனே பணிபவர்கள், பணியாதவர்கள் என்று இரு கூட்டத்தார் இருப்பதைச் சோதனையால் காட்டினார். 1951இல் போர்ன்ஸ்டீனும் லாரன்ஸும், முதல் கூட்டத்தாரின் ரத்தத்தில் இன்சுலின் இல்லை, இரண்டாம் கூட்டத்தாரிடம் இருக்கிறது என்றார்கள். இந்த லாரன்ஸ் என்பவர் ராபின் லாரன்ஸ். தாமே டைப் 1 நோயாளி. 1923இல் சாவின் விளிம்பில் இன்சுலின் கிடைத்துப் பிழைத்தவர். நோய் இரண்டு என்பது இப்படி நிலைபெற்றது. ஆனால் அழிவின் காரணம் இன்னும் இருளில்தான்.

காரணத்தின் தடயத்தைப் பார்க்க வேண்டுமானால், நோய் தொடங்கிய சில வாரங்களில் இறந்தவரின் கணையத்தை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பல ஆண்டு வாழ்ந்து இறந்தவரிடம் பீட்டா செல்களும் இருக்காது, அவற்றைத் தாக்கியவையும் இருக்காது, தழும்புதான் மிஞ்சும். இன்சுலின் வந்த பிறகு நோய் தொடங்கிய உடனே இறப்பவர்கள் அரிதாகிவிட்டார்கள். உயிர்கள் பிழைத்தன, தடயம் கிடைக்காமல் போயிற்று. பெல்ஜியத்தின் வில்லி கெப்ட்ஸ் அத்தகைய அரிய மாதிரிகளைப் பொறுமையாகச் சேர்த்து 1965இல் வெளியிட்டார். நோய் புதிதாக வந்து இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் திட்டுகளில் நோய் எதிர்ப்பு செல்கள் மொய்த்திருந்தன. இதைத் தனித்தனியாக முன்பும் சிலர் கண்டிருந்தனர். அதன் பொருளை முழுதாக உணர்த்தியது கெப்ட்ஸின் கட்டுரை.

உடல் தன்னையே தாக்கும் என்ற எண்ணத்தை மருத்துவம் 1950களின் நடுவில்தான் ஏற்கத் தொடங்கியிருந்தது. தைராய்டு நோய் ஒன்றில் அது நிரூபணமாகியிருந்தது. 1974இல் லண்டனில் போட்டாஸோவும் டோரின் டோனியாக்கும் நோயாளிகளின் ரத்தத்தில் கணையத் திட்டுகளுக்கு எதிரான எதிர்ப்பொருள்களை, அதாவது நோய் எதிர்ப்பு செல்கள் உண்டாக்கும் புரதங்களைக் கண்டனர். அதே காலத்தில் ஹெச்எல்ஏ எனப்படும் நோய் எதிர்ப்பு மரபணுக்களுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு வெளிவந்தது. 1986இல் ஜார்ஜ் ஐசன்பார்த் இவற்றை எல்லாம் ஒரே வரிசையில் கோத்தார்: மரபில் ஒரு சாய்வு, அதன்மேல் ஏதோ ஒரு தூண்டுதல், எதிர்ப்பொருள்கள் தோன்றுதல், பல மாதங்களோ ஆண்டுகளோ சத்தமில்லாத அழிவு, கடைசியில்தான் தாகமும் மெலிவும். திடீரென்று ஒரு வாரத்தில் வந்ததாகத் தோன்றும் நோய் உண்மையில் நெடுநாள் முன்பே தொடங்கியது.

தூண்டுதல் எது என்பது இன்னும் முடிவாகவில்லை. குடலில் தங்கும் என்ட்ரோவைரஸ்கள் மேல் வலுவான சந்தேகம் உண்டு. உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வந்தே தீரும் என்பதில்லை. எனவே மரபு மட்டும் காரணம் அல்ல. உலகிலேயே ஃபின்லாந்துப் பிள்ளைகளிடம் இது அதிகம். குழந்தைப் பருவ நோய் என்று பெயர் பெற்றாலும், புதிதாகக் கண்டறியப்படுபவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வளர்ந்தவர்கள். அவர்களில் பலருக்கு முதலில் டைப் 2 என்று தவறாக மாத்திரை கொடுக்கப்படுகிறது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இனிப்பு தின்றதால் வந்தது, தாய் கவனிக்காததால் வந்தது என்ற பேச்சு இன்றும் குடும்பங்களைக் குத்திக் கிழிக்கிறது. டைப் 1க்கும் தின்ற இனிப்புக்கும் தொடர்பே இல்லை. எந்தப் பெற்றோரும் செய்த எதனாலும் இது வரவில்லை.

கணக்குப் போடும் நோய்

சிகிச்சைக் கருவிகள் இதற்கிடையே வெகுவாக மாறின. 1955இல் ஃபிரெடெரிக் சாங்கர் இன்சுலினின் 51 அமினோ அமிலங்களின் வரிசையை முழுமையாகக் கண்டறிந்தார். மாடு, பன்றிக் கணையங்களை நம்பியிருந்த நிலை 1982இல் மாறியது. மனித மரபணுவைப் பாக்டீரியாவில் புகுத்தித் தயாரித்த இன்சுலின் அந்த ஆண்டு விற்பனைக்கு வந்தது. 1996 முதல், சாப்பாட்டுக்குச் சற்று முன் போட்டால் உடனே வேலை செய்பவையும், பிறகு நாள் முழுவதும் சீராக இறங்குபவையும் வந்தன. 1960களில் முதுகுப்பை அளவில் இருந்த பம்ப் இன்று உள்ளங்கைக்குள் அடங்குகிறது. தோலுக்கடியில் இருந்து சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்க்கரையைச் சொல்லும் சென்சாரும், அதைப் பார்த்துத் தானே இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் பம்பும் சேர்ந்த அமைப்புக்கு 2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. நோயாளிகளும் பெற்றோர்களும், அதற்காகக் காத்திராமல், சில ஆண்டு முன்பே தாங்களே மென்பொருள் எழுதி இவ்விரண்டையும் இணைத்துவிட்டிருந்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், தட்டில் உள்ள மாவுச்சத்து எத்தனை கிராம், இப்போதைய சர்க்கரை எவ்வளவு, அடுத்த மணிநேரம் ஓடியாடப் போகிறோமா, காய்ச்சல் இருக்கிறதா என்று ஒவ்வொரு வேளையும் கணக்குப் போடுவது நோயாளிதான். குழந்தையென்றால் தாயும் தகப்பனும், நள்ளிரவிலும். பீட்டா செல் நொடிக்கு நொடி செய்துவந்த வேலையை ஒரு மனிதர் விடுமுறையின்றி ஏற்றுக்கொள்கிறார். மருத்துவரைப் பார்ப்பது ஆண்டில் சில மணிநேரம். மற்ற நேரமெல்லாம் மருத்துவர் அவரேதான்.

அதனால்தான் செல்களையே திருப்பித் தரும் முயற்சி நிற்கவில்லை. கனடாவின் எட்மன்டன் நகர மருத்துவர்கள், இறந்தவர்களின் கணையத் திட்டுகளை ஏழு நோயாளிகளின் கல்லீரலில் செலுத்தி, முடிவை 2000ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஏழு பேரும் இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தனர். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லப் பெரும்பாலோருக்கு ஊசி மீண்டும் தேவைப்பட்டது. தானமாகக் கிடைக்கும் கணையங்களும் மிகக் குறைவு. வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களிலிருந்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்த திட்டுகளை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டுக்குப் பின் ஊசியின்றி இருப்பதாக 2025இல் வெளியான முடிவு சொல்கிறது. தானக் கணையம் என்ற தட்டுப்பாடு இதனால் நீங்கலாம். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை நாள்தோறும் உட்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் நீங்கவில்லை. தாக்குதலுக்கு விடை காணாமல் செல்லை மட்டும் மாற்றினால் இந்த இடத்தில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

மருந்து கண்டுபிடிப்பது ஒன்று, கிடைப்பது வேறு. இரண்டாம் உலகப் போரின்போது ஷாங்காயில் அகதியாக இருந்த ஈவா சாக்ஸல், இன்சுலின் வரத்து நின்றுபோனதும், கணவருடன் சேர்ந்து ஒரு மருத்துவ நூலின் துணைகொண்டு எருமைக் கணையத்திலிருந்து தாமே இன்சுலின் தயாரித்து, முயல்களில் சோதித்துப் போட்டுக்கொண்டார்; அங்கிருந்த நூற்றுக்கணக்கான நோயாளிகளையும் அது காப்பாற்றியது. 1 டாலருக்குக் கைமாறிய மருந்தின் உலகச் சந்தையில் மிகப் பெரும் பகுதி இன்று மூன்று நிறுவனங்களிடம் இருக்கிறது. ஏழை நாடுகளில் குழந்தை கீட்டோன் மயக்கத்தில் வரும்போது மலேரியா என்றோ நிமோனியா என்றோ சிகிச்சை தொடங்கி, நோய் என்னவென்று தெரியாமலேயே இறப்பதும் தொடர்கிறது. ஒரு துளி ரத்தச் சோதனையில் தெரிந்திருக்கும். நூறு ஆண்டு கழித்தும் இது நடக்கிறது என்பதை என்னால் ஆறிய மனத்துடன் எழுத முடியவில்லை.

இன்றைய ஆய்வின் போக்கு, தாகம் தொடங்குவதற்கு முன்பே நோயைப் பிடிப்பது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எதிர்ப்பொருள்கள் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய 70 சதவீதத்தினருக்குப் பத்தாண்டுக்குள் நோய் வெளிப்படுகிறது. எனவே 2015இல் வகைப்பாடே மாற்றப்பட்டது. எதிர்ப்பொருள்கள் இருந்து சர்க்கரை இயல்பாக இருந்தால் முதல் கட்டம். சர்க்கரை லேசாகப் பிசகினால் இரண்டாம் கட்டம். அறிகுறிகள் தோன்றினால் மூன்றாம் கட்டம். 1922இன் மருத்துவர்கள் பார்த்த நோய் இந்த மூன்றாம் கட்டம் மட்டுமே. இரண்டாம் கட்டத்தில் இருப்பவர்களுக்கு டெப்லிசுமாப் என்ற மருந்தை 14 நாள் ரத்தக் குழாய் வழியாகச் செலுத்தினால் மூன்றாம் கட்டம் சராசரியாக இரண்டு ஆண்டு தள்ளிப்போவதாக 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. 8 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இதைப் பயன்படுத்த 2022 நவம்பரில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. நோயின் போக்கையே மாற்றும் முதல் மருந்து இது. இன்சுலின் இல்லாமையை ஈடுகட்டுவதிலிருந்து தாக்குதலைத் தடுப்பதற்கு மருத்துவம் திரும்ப நூறு ஆண்டு ஆகியிருக்கிறது. 2023இல் இத்தாலி, குழந்தைகள் அனைவரையும் டைப் 1 எதிர்ப்பொருள்களுக்காகச் சோதிக்கும் தேசியத் திட்டத்துக்குச் சட்டம் இயற்றியது. முன்கூட்டியே தெரிந்த குடும்பங்களின் பிள்ளைகள் கீட்டோன் மயக்கத்தில் மருத்துவமனைக்கு வருவது வெகுவாகக் குறைகிறது. மறுபக்கம், ஓடி விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு நோய் தொடங்கிவிட்டது என்ற செய்தியுடன் பெற்றோர் பல ஆண்டு வாழ வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டுகளில் அவர்களுக்கு யார் துணை நிற்பது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பது, டெப்லிசுமாபை எப்போது தொடங்குவது என்பதற்கான நடைமுறைகளை மருத்துவர்கள் இப்போதுதான் வகுத்துக்கொண்டிருக்கிறார்கள்.